ஏறியவரும் ஏந்தியவரும்

மனிதன் பிறக்கும்போதே உடன்கொண்டு வரும் அச்சங்களுள் விழுந்துவிடுவோமோ என்னும் அச்சம் ஒன்று. பச்சிளங் குழந்தையின் தலையைத் தாங்கும் கை சற்றே தாழ்ந்தால், அக்குழந்தை இரு கைகளையும் விரித்துத் துடித்து, காணாத எதனையோ பற்ற முயல்வதைத் தாய்மார் யாவரும் அறிவர். இவ்வச்சத்தை அடியோடு வென்றவர்களென உலகம் போற்றும் ஒரு கூட்டத்தார் உளர். கயிற்றின்மேல் நடப்போரும், பார் விளையாட்டு ஆடுவோரும், தோள்மேல் தோளாக ஏறி நிற்போருமே அவர்கள். அவர்களைக் கண்டு நாம் வியக்கின்றோம். "இவருக்கு நெஞ்சு இரும்பாலானது" என்று கூறிவிட்டு வீடு திரும்புகின்றோம். ஆனால் இக்கலையின் வரலாற்றைச் சற்றே ஊன்றி நோக்குவோமாயின், அது கூறும் செய்தி வேறு என்பது புலனாகும். ஒருவர் தனியே அச்சத்தை வென்றாரென்று பேசப்படும் இடங்கள் பலவற்றிலே, இன்னொருவரின் கை மறைந்து நிற்கின்றது. ஏறியவரைப் புகழ்ந்த உலகம் ஏந்தியவரை மறந்தது. அம்மறதியைச் சிறிது போக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கயிற்றின்மேல் ஆடுதல் நமக்குப் புதியதன்று. ஆரியக் கூத்தர் கயிற்றின்மீது ஆடுகையில் ஒலித்த பறையைச் சங்கப் புலவர் ஒருவர் குறுந்தொகையில் உவமையாக எடுத்தாண்டுள்ளார். மேலே ஆடுபவர் ஒருவர். கீழே பறை கொட்டுபவர் வேறொருவர். இருவர் சேர்ந்தே அக்கூத்து நிறைவெய்தும் என்பதை அப்பழைய உவமையும் குறிப்பாக உணர்த்துகின்றது. எனினும், ஒருவர் உயிரை மற்றொருவர் சுமக்கும் செயல் உலகம் முழுவதும் பேசப்படலாயது 19ஆம் நூற்றாண்டிலேயாம். அந்நூற்றாண்டில் 1859ஆம் ஆண்டு ஒன்றே இக்கட்டுரைக்குத் தக்க தொடக்கமாக அமைகின்றது.

அவ்வாண்டு ஜூன் மாதம் 30ஆந் திகதி, புளொண்டின் என்னும் பெயரால் விளங்கிய பிரெஞ்சுக்காரர் ஒருவர், அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடையே ஓடும் நயாகரா ஆற்றின் ஆழ்ந்த பள்ளத்தாக்கை ஒரு கயிற்றின்மீது நடந்து கடந்தார். கயிற்றின் நீளம் ஏறத்தாழ 1,100 அடி. தடிப்பு மூன்று அங்குலத்துக்குச் சற்று மேல். கீழே நீர் ஏறத்தாழ 160 அடி ஆழத்தில் ஓடியது. ஒருமுறை கடந்ததோடு அவர் அமையவில்லை. கண்களைக் கட்டிக்கொண்டு கடந்தார். ஒற்றைச் சில்லுத் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டும் கடந்தார். இத்தள்ளுவண்டியைப் பற்றிய கதையொன்று மிஷன் பாடசாலைகளிற் பயின்ற நம்மனோர் பலருக்குக் காலைப் பிரசங்கங்களிலே கேட்டுப் பழகியதே. "இவ்வண்டியில் ஓர் ஆளை ஏற்றிச் செல்ல என்னால் முடியுமென்று நம்புகின்றீர்களா?" என்று அவர் வினவினாராம், "நம்புகின்றோம்" என்று கூட்டம் ஆர்த்ததாம், "அங்ஙனமாயின் ஒருவர் வந்து ஏறுங்கள்" என்றதும் அனைவரும் வாய்மூடி நின்றனராம். விசுவாசம் என்பது வாய்ச்சொல் அன்று என்பதை விளக்க இக்கதை நன்கு பயன்படுகின்றது. அவ்வுரையாடல் போதகர்மாரின் கற்பனையணியாகவும் இருக்கலாம். ஆனால் அக்கதையிற் கூறப்படாத உண்மை ஒன்றுண்டு. ஒருவர் ஏறினார்!

அவர் பெயர் ஹரி கோல்கோட். புளொண்டினுடைய காட்சிகளை ஒழுங்குசெய்த முகாமையாளர். 1859 ஆகஸ்ட் மாதத்தில் புளொண்டின் அவரைத் தம் முதுகிலே சுமந்துகொண்டு அதே கயிற்றின்மேல் நயாகராவைக் கடந்தார். கயிறு ஆடாதிருத்தற்பொருட்டுப் பக்கங்களிலே வலித்துக் கட்டிய துணைக்கயிறுகள் நடுப்பகுதியில் இல்லை. அவ்விடத்தில் அது வெகுவாக அசைந்தது. சுமப்பவர் களைத்தபோதெல்லாம் கோல்கோட் முதுகினின்றும் இறங்கி, அசையும் கயிற்றிலே கால்வைத்து நின்று, அவர் இளைப்பாறியபின் மறுபடியும் ஏறிக்கொள்ள வேண்டியதாயிற்று. கயிற்றிலே நடந்து பழகாத ஒருவர் அக்கயிற்றின் நடுவே நின்ற அந்நேரம் எத்தகையதென்பதை வாசகர் தாமே எண்ணிப் பார்ப்பாராக.

இச்செயலில் கோல்கோட்டின் பங்கு யாது? "சும்மா இருந்தார்" என்று சொல்லிவிடலாம். ஆயினும் அச்சும்மா இருத்தலே இங்கு பெருஞ் சாதனையாகும். தாம் சாய்ந்தால் உடன் சாயவேண்டும், தம் உடலின் ஓர் உறுப்பாகவே இருக்கவேண்டும், தாமாக ஒருபோதும் நிலைகொள்ள முயலலாகாது என்று புளொண்டின் அவருக்குக் கட்டளையிட்டாரென்பர். பௌதிகம் பயின்றோர் இக்கட்டளையின் பொருளை எளிதில் உணர்வர். கயிற்றில் நிற்பவரின் புவியீர்ப்பு மையம் கயிற்றுக்கு நேர் மேலே இருத்தல் வேண்டும். அது சிறிது விலகியதும், நீண்ட கோலைச் சாய்த்தும் உடலை வளைத்தும் அவர் திருத்துகின்றார். கோலின் நீளமும் பாரமும் சாய்வை மெதுவாக்கி, அத்திருத்தத்துக்கு வேண்டிய நேரத்தை அளிக்கின்றன. முதுகிலிருப்பவர் அஞ்சித் தாமும் ஒருபுறம் வளைவாராயின், ஒரு சாய்வுக்கு இரண்டு திருத்தங்கள் நிகழும். அவ்விரண்டாவது திருத்தமே இருவரையும் வீழ்த்தும். ஆகவே அச்சமில்லாதிருத்தல் கோல்கோட்டிடம் எதிர்பார்க்கப்படவில்லை. அச்சம் தன் உடலை ஆள விடாதிருத்தலே எதிர்பார்க்கப்பட்டது. இவ்வேறுபாடு சிறிதன்று.

அதே 1859ஆம் ஆண்டு நவம்பர் 12ஆந் திகதி, பாரிஸ் நகரத்திலே நெப்போலியன் சர்க்கஸ் எனப் பெயர்பெற்ற அரங்கில், துலூஸ் நகரத்து இளைஞரான ஜூல் லெயோத்தார் என்பவர், ஆடும் ஓர் ஊஞ்சற்கம்பியை விட்டு மற்றோர் ஊஞ்சற்கம்பிக்குத் தாவினார். இன்று நாம் பார் விளையாட்டு எனக் கூறும் பறக்கும் ஊஞ்சற் கலை அன்று தோன்றியது. அவருடைய தந்தையார் தேகப்பயிற்சிக்கூடம் நடத்தியவர். அங்கிருந்த நீச்சற்குளத்துக்கு மேலே கம்பிகளைத் தொங்கவிட்டு மகன் பழகினாரென்பர். தவறினால் தண்ணீர் ஏந்திக்கொள்ளும். 1861இல் இலண்டன் மாநகரமும் அவரைக் கண்டு வியந்தது. அவர் அணிந்த, உடலோடு ஒட்டிய உடை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. 1870இல் அவர் இளவயதிலேயே நோயால் இறந்தார்.

லெயோத்தாரின் வீரத்தைக் குறைத்துரைப்பது நம் கருத்தன்று. ஆனால் அவருடைய ஆட்டத்தில் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அவர் பற்றியது மரக்கம்பியை. அக்கம்பி அவருக்காகக் காத்திராது. அவர் சற்றுப் பிந்தினால் கைநீட்டி எட்டிப் பிடிக்காது. பிழை அவருடையது, தண்டனையும் அவருடையது. பின்வந்தோர் அக்கம்பியின் இடத்திலே ஒரு மனிதரைத் தொங்கவிட்டனர். கால்களை ஊஞ்சலில் மடித்துக் கயிறுகளிலே பின்னிக்கொண்டு, தலைகீழாகத் தொங்கி ஆடும் அவரைப் பிடிப்பவர் என்பர். பறப்பவர் கம்பியை விட்டு, வெளியிலே சுழன்று வரும்போது, பிடிப்பவர் அவருடைய மணிக்கட்டுகளைப் பற்றுகின்றார். விரலோடு விரல் கோத்தால் வழுக்கும். மணிக்கட்டோடு மணிக்கட்டைப் பற்றினால், ஒருவர் பிடி தளர்ந்தாலும் மற்றவர் பிடி நிற்கும். ஊஞ்சலின் ஆட்டக் காலம் கயிற்றின் நீளத்தைப் பொறுத்ததேயன்றி ஆடுபவரின் பாரத்தைப் பொறுத்ததன்று என்னும் ஊசல் விதியே இருவருடைய நேரத்தையும் பொருத்திவைக்கின்றது. எப்பொழுது புறப்படுவது என்பதைக் கூறும் உரிமை பெரும்பாலும் பிடிப்பவருக்கே உண்டு. அவர் குரல் கொடுக்கின்றார். மற்றவர் மேடையை விட்டுப் பாய்கின்றார்.

மனிதர் பிடிக்கத் தொடங்கியபின் இக்கலை வளர்ந்த வேகம் வியப்புக்குரியது. 1897இல் அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரத்தில் லீனா ஜோர்டன் என்னும் பெண்மணி வெளியிலே மும்முறை குட்டிக்கரணமிட்டு, லூயிஸ் ஜோர்டன் என்பவரின் கைகளைச் சேர்ந்தார். மும்முறைச் சுழற்சியில் தலை எங்கே, தரை எங்கே என்பதைப் பறப்பவர் அறிவது அரிது; பலர் அதனை முயன்று உயிர்நீத்தமையால் அது சாவுத் தாவல் எனப் பெயர்பெற்றிருந்தது. 1920 தொடக்கம் அல்பிரெடோ கொடோனா அதனைப் பலகாலும் செய்துகாட்டினார். அவரைப் பிடித்தவர் அவர்தம் உடன்பிறந்த லாலோ கொடோனா. 1982ஆம் ஆண்டு ஜூலை 10ஆந் திகதி, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து டூசொன் நகரில், மிகுவெல் வாஸ்குவெஸ் என்னும் இளைஞர் பொதுமக்கள் முன்னிலையில் முதன்முறையாக நான்கு முறை சுழன்று முடித்தார். அவரைப் பிடித்தவர் தமையனார் ஹுவான். அல்பிரெடோவையும் மிகுவெலையும் அறிந்தோர் பலர்; லாலோவையும் ஹுவானையும் அறிந்தோர் எத்துணைப்பேர்? நான்கு முறை சுழன்று வரும் உடலை, அது எந்நொடியில் எவ்விடத்தில் கைநீட்டுமென்று கணித்து, தலைகீழாகத் தொங்கிக்கொண்டு பற்றுவது எளிய செயலாகுமா?

இனி, நம்பிக்கை என்பது இருவர் கைகளோடு முடிவதுமன்று. 1931 பெப்ரவரியில் கொப்பன்ஹேகன் நகரத்திலே லிலியன் லைற்செல் என்னும் புகழ்பெற்ற அந்தரக் கலைஞர், தாம் தொங்கிய வளையத்தைத் தாங்கிய உலோகப் பூட்டு முறிந்து வீழ்ந்து மாண்டார். இவர் முற்கூறிய அல்பிரெடோ கொடோனாவின் மனைவியாவார். அவருடைய பயிற்சியிலே குறையில்லை, துணிவிலே குறையில்லை. கண்ணுக்குப் புலப்படாமல் இரும்பு தேய்ந்திருந்தது. கயிற்றைச் சோதிப்பவன், பூட்டைத் துடைப்பவன், வலையைக் கட்டுபவன் ஆகிய மூவரும் சீட்டு வாங்கிய எவரும் காணாத இடத்தில் நிற்கின்றனர். மேலே பறப்பவரின் உயிரில் இவர்களுக்கும் பங்குண்டு.

இக்கலையின் வரலாற்றில் மிகக் கொடிய பாடம் 1962ஆம் ஆண்டு ஜனவரி 30ஆந் திகதி அமெரிக்காவின் டிற்றோயிற் நகரத்தில் நிகழ்ந்தது. ஜெர்மனியிலிருந்து வந்த கார்ல் வலெண்டாவின் குடும்பத்தார் உயர்ந்த கம்பியின்மேல் எழுவர் கோபுரம் அமைப்பதிற் பேர்பெற்றவர். கம்பியில் நால்வர் நிற்பர். இருவர் இருவராகத் தோள்களிற் சட்டம் தாங்குவர். அச்சட்டங்களின்மேல் இருவர் நின்று, தம் தோள்களில் இன்னொரு சட்டம் தாங்குவர். அதன்மேல் ஒரு நாற்காலியிலே ஒரு பெண் அமர்வாள். கீழே வலை இராது. அன்று முன்னின்ற இளைஞர் தடுமாறினார், கோபுரம் சரிந்தது. இருவர் இறந்தனர், மூன்றாமவர் இடுப்பின்கீழ் உணர்வற்றவரானார். கார்ல் வலெண்டா கம்பியிலேயே விழுந்து காயமுற்றும், மேலிருந்து வீழ்ந்த பெண்ணைப் பற்றிக்கொண்டார். கீழே நின்றவர்கள் ஏந்திப்பிடித்த தற்காலிக வலை ஒன்றில் அவள் விடப்பட்டு உயிர்பிழைத்தாள்.

இந்நிகழ்ச்சியைச் சிலர் "அன்பும் நம்பிக்கையும் இருந்தும் விழுந்தனரே" என்று நம்பிக்கைக்கு எதிரான சான்றாகக் காட்டுவர். நாம் அவ்வாறு கருதவில்லை. எழுவரும் ஒருவரையொருவர் நம்பியதிற் குறையில்லை. ஆனால் நம்பிக்கை வலையின் இடத்தை நிரப்பமாட்டாது. மனிதக் கை தளரும். அன்புள்ள கையும் தளரும். இதனை ஒப்புக்கொண்டு வலை கட்டுவது நம்பாமை ஆகாது. நம்பியவருக்கு நாம் செய்யும் கடமையாகும். வள்ளுவப் பெருந்தகை தெரிந்துதெளிதல் என்று ஓர் அதிகாரம் வகுத்ததும் இதுபற்றியே. ஆராய்தல் முன்னும் தெளிதல் பின்னுமாக நிற்பதை அவ்வதிகாரத்தின் பெயரே காட்டுகின்றதன்றோ?

இக்கலை நமக்கு அயலிலும் வேரூன்றியது. 1880இல் விஷ்ணுபந்த் சத்ரே என்னும் மராட்டியர் இந்தியரின் முதற் சர்க்கஸைத் தொடங்கினார். பின்னர் அவர் மலையாள நாட்டுத் தலைச்சேரியில் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் என்பவரைச் சந்தித்தார். களரிப்பயிற்றில் வல்லவராய், பாசல் மிஷன் பாடசாலையில் தேகப்பயிற்சி ஆசிரியராயிருந்த குஞ்ஞிக்கண்ணன், சர்க்கஸுக்கு வேண்டிய இளைஞரைப் பயிற்ற உடன்பட்டார். 1901இல் சிறக்கரையில் அவர் நிறுவிய பயிற்சிக்கூடமே தலைச்சேரியை இந்தியச் சர்க்கஸின் தாயகமாக்கியது. அவர்தம் மாணவர் பலர் பிற்காலத்தில் தாமே சர்க்கஸ் நடத்தும் நிலைக்கு உயர்ந்தனர்.

அக்காலத்து மலையாள நாடு எத்தகையது? இன்ன சாதியார் இன்ன சாதியாருக்கு இத்தனை அடி தூரத்துக்குள் வரலாகாது என்று அளந்து வைத்திருந்த நாடு அது. அந்நாட்டிலேதான், ஒருவர் மணிக்கட்டை இன்னொருவர் இறுகப் பற்றினாலன்றி உயிர் தங்காத ஒரு கலை வளர்ந்தது. கூடாரத்தின் உச்சியிலே தொங்குபவர், தம்மை நோக்கிப் பறந்து வருபவரின் குலத்தை வினவிக்கொண்டிருக்க முடியுமா? அரை நொடி தயங்கினால் ஓர் உயிர் போய்விடும். சீர்திருத்தச் சொற்பொழிவு கேட்டு நீளாத கைகள் ஊஞ்சலிலே நீண்டன. தீண்டாமைக்கு எதிராக எழுந்த வாதங்களுள் இத்துணை வலியது ஒன்று உண்டோ என்று நாம் எண்ணுவதுண்டு.

இக்கலையின் இருண்ட பக்கத்தையும் மறைத்தல் நேர்மையன்று. வறுமையால் வாடிய குடும்பங்களின் குழந்தைகள் பலர், தாம் விரும்பாமலே சர்க்கஸ்களிற் சேர்க்கப்பட்டனர். விருப்பமின்றி ஏற்றப்பட்ட குழந்தை பிடிப்பவரை நம்புகின்றதென்று கூறுதல் பொய். அஃது அடங்குகின்றது, அவ்வளவே. பிரித்தானியா 1879லேயே 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை உயிராபத்தான காட்சிகளில் ஈடுபடுத்துவதைச் சட்டத்தால் தடுத்தது. இந்தியாவிலே 2011இல், சர்க்கஸ்களில் பிள்ளைகளை வேலைக்கமர்த்துவதைத் தடைசெய்யுமாறு உச்சநீதிமன்றம் பணித்தது. மறுக்கும் உரிமை உள்ளவரிடத்தேதான் நம்பிக்கை பிறக்கும் என்பதை இச்சட்டங்கள் உறுதிசெய்கின்றன.

நம் சமயவாணர் இறைவனுக்கும் ஆன்மாவுக்கும் உள்ள தொடர்பைக் குரங்குக்குட்டி நியாயம், பூனைக்குட்டி நியாயம் என்னும் இரண்டால் விளக்குவர். குரங்குக்குட்டி தாயைத் தானே இறுகப் பற்றிக்கொள்ளும். பூனைக்குட்டி சும்மா கிடக்கும், தாயே கவ்விச் செல்லும். பார் விளையாட்டை நோக்குங்கால் இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்று தோன்றுகின்றது. கம்பியை விட்டுப் பாயும்வரை பறப்பவர் குரங்குக்குட்டி. தம் முயற்சி முழுவதையும் செலுத்துகின்றார். சுழன்று முடிந்து கைகளை நீட்டியபின் அவர் பூனைக்குட்டி; பிடிப்பவரின் செயலுக்காகக் காத்திருக்கின்றார். ஹென்றி நௌவன் என்னும் டச்சுக் கத்தோலிக்கக் குரு 1991இல் ஜெர்மனியிலே தென்னாபிரிக்கக் குழுவொன்றின் பார் விளையாட்டைக் கண்டு மனம் பறிகொடுத்து, அவர்களோடு பழகி, இதே உண்மையை அறிந்தார். பறப்பவர் பதற்றத்தால் பிடிப்பவரின் கையைத் தாமே எட்டிப் பற்ற முயன்றால் இருவர் மணிக்கட்டும் முறியக்கூடும். ஆகவே கையை நீட்டிக் காத்திருத்தலே பறப்பவரின் கடமையென்று அக்குழுவின் தலைவர் அவருக்கு விளக்கினார். குருவானவர் அதிலே தம் சமயத்தின் சாரத்தைக் கண்டார். நாம் நம் சமயத்தின் நியாயங்களைக் காண்கின்றோம். உண்மை ஒன்றாயிருக்க, வாயில் பலவாயிருத்தல் வியப்பன்று.

வாலிப அன்பர்களே! இவ்வரலாறு நம் சங்கத்தாருக்குக் கூறுவது யாது? துணிவுள்ள இளைஞர் வேண்டுமென்று எல்லாரும் பேசுகின்றனர். பறக்கத் துணிந்தோருக்கு நம்மிடையே பஞ்சமில்லை. பிடிக்கப் பழகியோருக்கே பஞ்சம். பிடிப்பவராதல் புகழ்தரும் தொழிலன்று. நாள்தோறும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருத்தல், சொன்ன சொல்லின்படி கைநீட்டுதல், ஆயத்தமில்லாதபோது "இன்று வேண்டாம்" என்று துணிந்து கூறுதல் ஆகிய இவையே அதன் இலக்கணம். ஒருவர் ஆயிரம் முறை தவறாது பிடித்தபின்னரே மற்றவரின் அச்சம் மெல்ல விலகுகின்றது. "எம்மை நம்புங்கள்" என்று மேடையேறி முழங்குவோரிடம், "இதுவரை யாரை ஏந்தினீர்?" என்று வினவ நமக்கு உரிமையுண்டு. அதே வினாவை நம்மை நோக்கியும் பிறர் வினவுவர் என்பதை மறத்தலாகாது.

குறிப்பாக, நம் கோயில்களையும் ஊர்களையும் பற்றி எண்ணுவோம். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலே, உள்ளே சென்று வழிபடும் உரிமை வேண்டி அடியார்கள் நின்றதை நம் மூத்தோர் அறிவர். கதவுகள் பல பின்னர் திறந்தன. ஆயினும் பந்தியிலும் மணப்பேச்சிலும் அளந்து வைத்த தூரம் இன்றும் முற்றாக மறைந்ததென்று நெஞ்சறியக் கூற இயலாது. கதவு திறப்பது சட்டத்தால் ஆகலாம். கை நீளுவது மனத்தால் ஆகவேண்டும். தூரத்தே நின்று "நாம் அனைவரும் ஒன்று" என்று கூறும் ஒருவரை நம்பி எவரும் கம்பியை விடமாட்டார். பிறர் மணிக்கட்டைப் பற்றக் கூசும் கை, அவர் விழும்போது ஏந்தவும் மாட்டாது.

நம் சங்கம் ஆற்றும் சிரமதானமும், திருவிழாத் தொண்டும், வறிய மாணவர்க்கு மாலைவேளையில் நடத்தும் வகுப்பும் சிறியனவாகத் தோன்றலாம். அவை யாவும் பிடிக்கப் பழகும் பயிற்சிகளே. மண்வெட்டியை ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் வாங்கும்போதும், ஒரே செம்பிலே தண்ணீர் அருந்தும்போதும் அளந்து வைத்த தூரம் ஓரடி குறைகின்றது. ஏறுபவரை உலகம் புகழட்டும். நாம் ஏந்துபவர்களாய் இருக்கக் கற்போமாக.